தூணும் மோட்டார் வண்டியும்

டில்லிக்கு வருவோரில் மெஹ்ரௌலி இரும்புத் தூணைக் காணாது திரும்புவோர் சிலரே. ஏறக்குறைய 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது அழியவில்லை. நம் மோட்டார் வண்டியின் கதவோ சில ஆண்டுகளிலேயே ஓட்டையாகிறது. ஆகவே முன்னோர் அறிந்த இரகசியம் நமக்குக் கிட்டாமற் போயிற்று என்று வகுப்பறைகளிலும் கூறப்படுகிறது. இக்கூற்றை நான் ஒப்புவதற்கில்லை.

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ரா. பாலசுப்பிரமணியம் இத்தூணை விரிவாக ஆராய்ந்துள்ளார். மரக்கரியைக் கொண்டு பிரித்தெடுத்த அவ்விரும்பில் பாஸ்பரஸ் நூற்றுக்குக் கால் பங்களவு உள்ளது. மழையில் நனைந்தும் வெயிலில் உலர்ந்தும் வருகையில், அதன் உதவியால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. ஆனால் பாஸ்பரஸ் மிகுந்த இரும்பு குளிரில் எளிதில் முறியும். மெல்லிய தகடாக வளைத்து வண்டிக் கூடு செய்ய அது உதவாது.

தூணைப் புகழ்வோர் கூறாமல் விடும் செய்தியும் ஒன்றுண்டு. 1961-இல் அதைத் தோண்டி எடுத்தபோது, மண்ணுள் புதைந்திருந்த பகுதி துருவேறியிருந்தது. இரும்பு ஒன்றே, உலர வழியில்லாத இடத்தில் துரு பற்றியது.

வண்டியின் நிலையும் இதுவே. துரு பளபளக்கும் மேற்புறத்தில் தொடங்குவது அரிது. சேறு அப்பிய சக்கர வளைவுகளிலும், வடிகால் துளை அடைபட்ட கதவின் அடிவிளிம்பிலும் தொடங்குகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் வண்ணப்பூச்சை உள்ளிருந்தே உப்பித் தள்ளும். கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது சேதம் முற்றியிருக்கும். அதைச் சுரண்டாமல் மேலே தார்ப்பூச்சு பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதேயாகும். (துரு இரும்புக்கே உரியது, அரிமானம் எல்லா உலோகங்களுக்கும் பொது, இவ்விரு சொற்களையும் மொழிபெயர்ப்பில் கலக்கலாகாது என்பது என் பிடிவாதம்.)

கடலோரத்தில் உப்பு இதனைப் பன்மடங்கு விரைவாக்குகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்துச் சோதித்தது இதனாலேயே. அங்குப் பணிபுரியும் களப்பணியாளர் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் அடிக்கடி கழுவுதல் வேண்டும். அலுவலகங்களோ மேற்புற மெழுகுக்குத் தயங்காமல் செலவிட்டு, அடிப்பாகத்தை மறந்துவிடுகின்றன.

2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. பின் பேணுவானேன் என்று கேட்போர் உளர். அந்த 15 ஆண்டும் ஊழியர் அதில்தானே செல்லவேண்டும்? துருவேறிய பிரேக் குழாய் ஆண்டுக்கணக்குப் பார்த்து வெடிப்பதில்லை.

ஆசிரியர்கள் தூணின் படத்தோடு நில்லாமல் மூன்று ஆணிகளையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை நன்னீரிலும், ஒன்றை உப்புநீரிலும், துத்தநாகத் துண்டு சுற்றிய மற்றொன்றை வேறோர் உப்புநீர்க் கிண்ணத்திலும் இட்டு வைக்கட்டும். துத்தநாகம் தான் கரைந்து ஆணியைக் காப்பதை ஒரு வாரத்தில் மாணவர் கண்டுகொள்வர். இன்றைய வண்டித் தகடுகள் பலவற்றின்மீது துத்தநாகம் பூசப்படுவது ஏன் என்பதை அதன் பிறகு சொன்னால் போதும்.