ஒன்பதாம் மேகத்தில் மிதப்பவர்கள்

எமது சிறுகதைகளில் இப்போதெல்லாம் யாரும் சந்தோஷப்படுவதில்லை, "ஒன்பதாம் மேகத்தில் மிதக்கிறார்கள்." இல்லாவிட்டால் "ஏழாவது சொர்க்கத்தில்" இருக்கிறார்கள். சவூதி விசா கிடைத்த இளைஞனுக்கும் அதே மேகம்தான், காதலியின் கடிதம் கண்டவனுக்கும் அதே மேகம்தான்.

'கிளவுட் நைன்' அமெரிக்கப் பேச்சுவழக்கு. 1950களில் அவர்களே 'கிளவுட் செவன்' என்றும் சொன்னார்கள். 1935இல் வெளியான ஒரு கொச்சைமொழி அகராதியில் 'கிளவுட் எயிட்' என்றால் குடித்துத் தலை கிறுகிறுத்த நிலை. 1896ஆம் ஆண்டின் சர்வதேச மேக அட்டவணையில் ஒன்பதாவதாக இருந்தது இடிமுகில், அதிலிருந்தே இது பிறந்தது என்போரும் உண்டு. இடிமுகிலைக் கண்டால் வாழைச்சேனை மீனவன் தோணியைக் கரைக்குத் திருப்புவான். நமது கதாநாயகனோ அதில் ஏறிக்கொள்கிறான்!

ஏழாவது சொர்க்கத்தின் கதை இதைவிட மோசம். ஆங்கிலத்தில் வானத்துக்கும் சுவர்க்கத்துக்கும் 'ஹெவன்' என்ற ஒரே சொல் போதும். எமக்குப் போதாது. ஸமாவாத் வேறு, ஜன்னத் வேறு. குர்ஆன் பேசுவது ஏழு வானங்களைப் பற்றி. மிஃராஜின்போது ஏழாம் வானத்தில், பைத்துல் மஃமூரில் சாய்ந்தவராக இப்ராஹீம் நபியை (அலை) பெருமானார் (ஸல்) கண்டதைச் சிறுவயதிலேயே கேட்டவர்கள் நாம். அப்படிப்பட்டவர்களே, மூலத்தில் வானமாக இருந்ததை ஆங்கிலத்தின் வழியாகச் சொர்க்கமாக்கி, ஒருநாள் குதூகலத்துக்குப் பெயராக எழுதுவதா?

கடன் வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. 'குஷி' பாரசீகச் சொல்தான். ஆனால் அது வாயில் புழங்கித் தமிழானது, பேனா திணித்ததல்ல. "மகனுக்கு இண்டைக்குக் கொஞ்சம் குஷி" என்று ஓர் உம்மா சொன்னால், அது அஸருக்குள் வடிந்துவிடும் என்பதும் கேட்பவருக்கு விளங்கும். அந்த 'இண்டைக்கு'ம் 'கொஞ்சம்'உம் எவ்வளவு கணக்காக விழுகின்றன! "தலைகால் தெரியாம ஆடுறான்" என்பதில் விழப்போகிறான் என்ற கவலையும் சேர்ந்தே வருகிறது. சற்று நேரச் சந்தோஷத்தை அளந்து சொல்லும் இந்தப் பேச்சு கதையில் ஏறாவிட்டால், அந்தப் பாத்திரம் எந்த ஊரான் என்று எப்படித் தெரியும்?

இதை நவீனத்துவம் என்று சிலர் வாதிடுகிறார்கள். மொழிபெயர்ப்புக்கு நவீனத்துவம் என்று பெயரிட்டால் வேலை சுலபம்தான்.

சஞ்சிகை ஆசிரியர்கள் எழுத்துப்பிழையைத் திருத்துவதுபோல் இந்த மேகங்களையும் வெட்ட வேண்டும். எழுதியவர் கோபித்தால் கோபிக்கட்டும்.