ரோட்டின் மேல் பழி வேண்டாம்

கார் டயர் சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று கடையில் போய்ச் சொன்னால், நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நம்ம ரோடு அப்படி சார்." நாமும் தலையாட்டிவிட்டு, பென்ஷன் பணத்தில் பெரிய துண்டு ஒன்றைக் கொடுத்து, இரண்டு புது டயர் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். இந்தப் பதிலை இனி நாம் ஏற்கக் கூடாது என்பது என் கட்சி.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒரு முறை மனைவியைச் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வருகிறவர். அவர் காரின் முன்டயர் இரண்டும் 15,000 கி.மீ. ஓடுவதற்குள், உள்பக்க விளிம்பில் மட்டும் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. வெளியே நின்று பார்த்தால் தெரியவே இல்லை. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவும் இல்லை. கடையில் புது டயர் மாற்றினார்கள், பணம் வாங்கினார்கள், அனுப்பிவிட்டார்கள். ஆறே மாதத்தில் புது டயரிலும் அதே இடத்தில் அதே தேய்மானம். மழை நாளில் அந்த டயர் செஞ்சி பக்கம் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ரோடு நான்கு சக்கரத்துக்கும் பொதுதானே? அதே ரோட்டில் ஓடிய பின்டயர்கள் நன்றாக இருக்க, முன்டயரின் உள்விளிம்பை மட்டும் ரோடு எப்படித் தேடிப் பிடித்துத் தின்னும்? பள்ளத்தில் இறங்கி அடிபட்டதில் சக்கரத்தின் கோணம் மாறியிருக்கலாம். அந்த அளவுக்கு ரோடு குற்றவாளிதான். ஆனால் அதன் பிறகு தினமும் டயரைத் தின்பது அந்த மாறிப்போன கோணம். அதைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போல.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழிவழி. வீல் அலைன்மென்ட் என்று நாம் சொல்வதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பாரலெலிஸ்ம்' என்பார்கள். இணையாக இருத்தல் என்று பொருள். இந்தச் சொல்லே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. வண்டி நேராக ஓடும்போது இடது சக்கரமும் வலது சக்கரமும் ஏறக்குறைய இணைகோடுகளாக இருக்க வேண்டும். முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிநோக்கித் திரும்பியிருந்தால் டோ-அவுட். இதைத் தவிர, சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்திருக்கும் கோணம் கேம்பர். ஸ்டியரிங் அச்சு முன்னும் பின்னுமாகச் சாய்ந்திருப்பது கேஸ்டர்.

இரண்டு சக்கரமும் ஒரே அளவு வெளியே திரும்பியிருந்தால், ஒன்றின் இழுப்பை மற்றது சமன்செய்துவிடும். வண்டி நேராகவே போகும், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. டயர் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். எனவே "வண்டி இழுக்கலையே, அலைன்மென்ட் எதுக்கு?" என்பது தவறான கேள்வி.

எவ்வளவு தேயும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து அரை டிகிரி விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. நம் கிரிவலப் பாதை 14 கி.மீ. காரில் ஒரு சுற்று வந்தால், அந்த டயரைச் சுமார் 120 மீட்டர் தூரம் குறுக்காக இழுத்ததற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத அரை டிகிரி செய்யும் வேலை இது.

பெரிய தேரை நினைத்துப் பாருங்கள். தீபத் திருவிழா ஏழாம் நாள், மாட வீதி மூலையில் தேர் திரும்பும்போது சக்கரம் எப்படி முனகுகிறது! தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்ப வேண்டும். போக விரும்பாத திசையில் சக்கரத்தைத் தள்ளினால் தரையோடு உரசத்தான் செய்யும். தேர் அந்தப் பாட்டை நான்கு மூலையில் மட்டும் படுகிறது. கோணம் கெட்ட கார், ஓடுகிற தூரம் முழுக்கப் படுகிறது.

வேலையில் இருந்தபோது அலுவலக வண்டிச் செலவுக் கோப்புகள் என் மேசைக்கு வரும். புது டயர் கேட்டு வந்தால் முதல் கேள்வி, பழைய டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது. குறைவாக ஓடியிருந்தால் ஏன் என்பது இரண்டாவது. பதில் இல்லாமல் கோப்பு நகராது. அரசாங்கப் பணத்துக்குக் கேட்ட அந்தக் கேள்வியைச் சொந்தப் பணத்துக்கு நாம் ஏன் கேட்பதில்லை?

பழைய டயரே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். இரு விளிம்பும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு விளிம்பு மட்டும் என்றால் கோணக் கோளாறு. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். டயரைக் குறுக்காகக் கையால் தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் போலவும் இருந்தால் அதுவும் டோ கோளாறுதான். உள்விளிம்பு நம் கண்ணில் படாது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் பாருங்கள், தெரியும்.

காற்றைக் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது. மிஷலின் கம்பெனி 1946-ல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர்தான் இன்று எல்லாக் கார்களிலும் இருக்கிறது. அதன் பக்கச்சுவர் மெத்தென்று இருப்பதால், சரியான காற்று இருந்தாலும் கொஞ்சம் பிதுங்கியே தெரியும். எனவே மாதம் ஒரு முறை, டயர் சூடாகும் முன் கேஜ் வைத்துப் பாருங்கள். நைட்ரஜன் அடித்தால் கவலை இல்லை என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது.

கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, அலைன்மென்ட் செய்யும் முன் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், புஷ் எல்லாம் ஆட்டம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தார்களா? ஆடும் மூட்டில் கோணம் நிற்காது. இரண்டு, முன் அளவு, பின் அளவு இரண்டும் அச்சடித்த தாள். மெஷினிலேயே வருவதுதான், கேட்டால் கொடுப்பார்கள். மூன்று, கேம்பர் தவறியிருந்தால் என்ன செய்தார்கள்? பெரும்பாலான சிறிய கார்களில் டோ மட்டுமே திருகிச் சரிசெய்யக்கூடியது. கேம்பர் அளவு தவறினால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ரோட்டையும் முழுக்க விட்டுவிட முடியாது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் வீட்டுக்காரர்களே சிமெண்டில் பூசி வைத்திருக்கும் மேடுகளை அளந்து பாருங்கள். அகலம் ஒரு முழம் இருந்தால் அதிகம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்கிறார்கள், நோக்கம் நல்லதுதான். ஆனால் சுவர் போல நிற்கும் மேடு வண்டியின் மூட்டுகளை உடைக்கிறது, ஆட்டோவில் போகும் இடுப்பு வலிக்காரரையும் உடைக்கிறது. சரியான அளவில் போட்டுத் தரச் சொல்லி மனுக் கொடுப்பதுதான் முறை.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கார் ஓட்டக் கூடாது என்பது சட்டம். உள்விளிம்பில் மட்டும் போனாலும் போனதுதான். அடுத்த பௌர்ணமிக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், காரை எடுக்க வேண்டும் என்று இருக்கிறீர்களா? அதற்கு முன் ஒரு காலையில் ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து, உள்விளிம்பைப் பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடலாம்.