கப்பலில் வந்த ரொட்டி

கொழும்புத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள உணவுகளைத் தேடிச் சுவைத்துப் புகழ்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. காலிமுகத்திடலின் இறால் வடை, பறங்கியரின் லம்பிரைஸ், மலாய்க்காரரின் ஊறுகாய் என்று பக்கம் பக்கமாக வியக்கின்றனர். வியக்கட்டும்; பல இனத்தார் கூடி ஆக்கிய சுவை அது. அதனோடு நமக்குப் பிணக்கில்லை. ஆயின் அதே அன்பர்கள் குளிர் நாடி நுவரெலியாவுக்கு வந்து, விடுதி மேசையில் தோட்டத்து ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் கண்டவுடன் "மலையகத்தின் மரபுணவு" என்று பூரிக்கிறார்களே, அங்கேதான் நாம் குறுக்கிட வேண்டியிருக்கிறது.

யாருடைய மரபு? கோதுமை விளையாத இந்நாட்டில், சோறும் கம்பும் கேழ்வரகும் உண்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த மக்களுக்குக் கோதுமை ரொட்டி எங்ஙனம் மரபாயிற்று?

அதன் வரலாறு துறைமுகத்தில்தான் இருக்கிறது. 1875இல் கொழும்பில் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1885இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது. தேயிலை கீழே இறங்கியது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி மேலே ஏறியது. மலை முழுவதையும் தேயிலைக்கு வளைத்துக்கொண்டவர்கள் தொழிலாளிக்கு விதைக்க நிலம் விடவில்லை. தோட்டமே அரிசியை அளந்து கொடுத்தது. தோட்டமே அதன் விலையைக் கூலியில் கழித்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அரிசிக் கப்பல் நின்றது. பங்கீடு வந்தது, பங்கீட்டோடு கோதுமை மாவும் வந்தது. போர் ஓய்ந்தது, மா நிலைத்துவிட்டது. மரபென்று நீங்கள் கொண்டாடுவதன் பிறந்த நாள் இதுதான்!

அது நிலைத்ததற்குச் சுவையா காரணம்? விடியுமுன் அடுப்பு மூட்டி, கணவனுக்கும் பிள்ளைக்கும் தனக்கும் ஆக்கி வைத்துவிட்டுப் பிரட்டுக்கு ஓடும் பெண்ணுக்குச் சோறும் இரண்டு கறியும் சமைக்க நேரம் ஏது? தடித்த ரொட்டி வயிற்றில் நெடுநேரம் நிற்கும். துணியில் முடிந்து மலைக்கு எடுத்துச் செல்லலாம். அம்மியில் அரைத்த சம்பலின் ருசியை நாம் மறுக்கவில்லை. அது அந்தப் பெண்ணின் கைத்திறன். அவளுக்கு அதைவிட்டால் வேறில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

மாவை நம்பிய வாழ்வு எத்தகையது என்பதை 1973-74 காட்டிற்று. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, பங்கீடு சுருங்கியது. தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்தவர்களில் மிகப் பலருக்கு அன்றும் வாக்கில்லை. வாக்கற்றவன் பசி எந்த மந்திரியின் உறக்கத்தைக் கெடுக்கும்?

இறால் வடை மணக்கும் அதே காலிமுகத்திடலில், 2018 ஒக்டோபர் 24ஆம் நாள் மலையக இளைஞர்கள் கறுப்புடை தரித்துத் திரண்டு ஆயிரம் ரூபா நாட்கூலி கேட்டார்கள். உணவு தேடிகளின் பயணக் குறிப்புகளில் அந்த நாளுக்கு இடமில்லை. கேட்ட ஆயிரம் 2021இல் வந்தது. மறு ஆண்டே நாணயம் சரிந்து, மாவின் விலை பன்மடங்கேறி, வந்ததை விழுங்கியது.

சுகாதாரப் பாடத்தில் பால், முட்டை, பழம் என்று கரும்பலகையில் எழுதுகிறோம், ஆசிரியர்களாகிய நாம். எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் பையில் காலையில் தட்டிய ரொட்டி. லயத்தில் பசு வளர்க்கும் வீட்டில்கூடப் பால் பெரும்பாலும் விற்பனைக்குப் போய்விடுகிறது. பரீட்சையில் அப்பிள்ளை "நிறையுணவு" பற்றிப் பிழையின்றி எழுதிப் புள்ளி பெறுகிறது.

ரொட்டியை ஒழியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதைத் தின்னாமலிருக்கவும் ஒருவனுக்கு வசதி இருக்கட்டும் என்கிறோம். அதற்கு வேண்டியது கூலியும், லயத்துக்கு வெளியே கீரையும் கிழங்கும் போட ஒரு துண்டுக் காணியும். காணி கொடுத்தால் தேயிலை குறைந்துவிடும் என்று நிருவாகங்கள் அழுகின்றன. பராமரிப்பின்றிக் காடேறிக் கிடக்கும் தேயிலை மலைகளை, நானுஓயாவிலிருந்து ஹட்டன் வரை ரயிலில் வருகிற உணவுப் பயணிகள் ஒருமுறை சன்னல் வழியே எண்ணிப் பார்க்கட்டும்.