ஊதியத்தை ஒளிப்பது ஏன்?

நம் மன்றத்தின் அறிவிப்புப் பலகையை நண்பர்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். பொங்கல் விழா அழைப்பு ஒருபுறம், பட்டிமன்றத் தலைப்பு ஒருபுறம், இவற்றிடையே வேலை வாய்ப்பு அறிவிப்புகள். சென்ற திங்கள் அங்கே ஒட்டப்பட்டவற்றுள் நான்கு, 'கட்டடக் கலைஞர் தேவை' என்று அழைத்தன. என்ன படித்திருக்க வேண்டும், எந்தெந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும், எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும், நேரம் காலம் பாராமல் உழைக்கும் மனம் எவ்வளவு வேண்டும், எல்லாம் எழுதியிருந்தன. ஊதியம்? 'தகுதிக்கேற்ப.' நான்கிலும் அதே சொல்! தகுதியை அளக்கும் கோல் எவர் கையில் இருக்கிறது, அக்கோலில் எத்தனை கோடுகள் உள்ளன என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"அறிவியல் மாணவனுக்குக் கட்டடக் கலைஞரின் சம்பளத்தில் என்ன அக்கறை?" என்று கேட்கும் நண்பர்கள் உளர். நானும் அறை பகிர்ந்து வாழும் ஒருவன். தமிழ்நாட்டிலிருந்து பெட்டியோடு இந்நகருக்கு வந்து இறங்குவோரில் பி.ஆர்க். பட்டம் பெற்றோர் கணிசம். ஐந்து ஆண்டுப் படிப்பு. நடுவே ஒரு பருவம் அலுவலகப் பயிற்சி. முடித்ததும் கட்டடக் கலைக் கழகத்தில் பதிவு. இத்தனையும் கடந்து வருகிற இளைஞன், தான் பெறப்போவது என்ன என்று தெரியாமலே வீட்டு முன்பணம் கட்டுகிறான். இதைக் கண்டும் காணாதிருப்பது எப்படி?

ஊதியம் மூன்றைப் பொறுத்தது என்பார்கள்: அனுபவம், ஊர், வேலை தருபவர். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வது போல, இரண்டை அசையாமல் நிறுத்தி ஒன்றை மட்டும் அசைத்துப் பார்ப்போமா?

முதலில், அசைவே எளிதாகத் தெரிகின்ற இடம்: அரசு. மத்தியப் பொதுப்பணித் துறையில் டெபுடி ஆர்க்கிடெக்ட் என்று ஒரு பதவி. 2016-இல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி அதன் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 56,100. அடுத்த ஆண்டு 57,800. அதற்கடுத்த ஆண்டு 59,500. பதவி உயர்வே கிடைக்காமற்போனாலும் ஒன்பது உயர்வுகளுக்குப் பின் 73,200. அனுபவத்தின் விலை இது; கட்டத்துக்குக் கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது. ஊரின் விலையும் அவ்வாறே. 2024 சனவரி முதல் வீட்டு வாடகைப் படி பெருநகர்களில் 30 விழுக்காடு, அடுத்த நிலை நகரங்களில் 20, ஏனைய ஊர்களில் 10 என்று ஆயிற்று. பெங்களூரும் சென்னையும் முதல் வரிசை. மதுரை, திருச்சி, கோவை, சேலம் இரண்டாம் வரிசை. ஆக, 56,100-இல் தொடங்குபவர் பெங்களூரில் 16,830 பெற்றால் மதுரையில் 11,220 பெறுவார். இது போதுமா போதாதா என்பது வேறு வழக்கு. நாளை எட்டாவது குழு இதைத் திருத்தட்டும். திருத்திய கணக்கும் அச்சில் வரும். சேலத்துப் பையனும் படிக்கலாம், செயலாளரின் மகனும் படிக்கலாம்.

இனித் தனியார் அலுவலகங்களுக்கு வருவோம். நான் அறிந்த மூவர். ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு, ஒரே பட்டம். மதிப்பெண்ணிலும் பெரும் வேற்றுமை இல்லை. ஒருவர் கரூரிலேயே ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் அமர்ந்தார்; தொடக்கச் சம்பளம் 12,000. இரண்டாமவர் ஜெயநகரில் ஆறு பேர் பணியாற்றும் சிறிய கட்டடக் கலை அலுவலகத்தில் சேர்ந்தார், 20,000. மூன்றாமவர் ஒயிட்ஃபீல்டில், கடல் கடந்த நாடுகளின் கட்டடங்களுக்குக் கணினியில் வரைபடம் ஆக்கித் தரும் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தார், 38,000. மூன்று பேரை வைத்து விதி வகுத்தால் என் பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார் என்பதை நான் அறிவேன். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கரூருக்கும் ஜெயநகருக்கும் உள்ள வேறுபாடு 8,000. அதைப் பங்கு அறையின் வாடகையும் உணவுவிடுதியும் விழுங்கிவிடுகின்றன. ஜெயநகருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் உள்ள வேறுபாடோ 18,000. இரண்டும் ஒரே நகர்! ஊர் மாறியதால் உயர்ந்ததைவிட வேலை தருபவர் மாறியதால் உயர்ந்தது இரு மடங்குக்கு மேல். ஜெயநகர் நண்பருக்கு இது தெரிய எட்டு மாதம் ஆயிற்று. அதுவும் ஒரு திருமண விருந்தில், பாயசத்துக்கும் மோருக்கும் இடையே தெரிந்தது.

அனுபவத்தின் கதை இன்னும் வேடிக்கை. சிறு அலுவலகங்களில் அனுபவத்துக்கு விலை உண்டு. ஆனால் அதை அடுத்த அலுவலகந்தான் கொடுக்கிறது. இருந்த இடத்திலேயே இருப்பவருக்குத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி. விலகிச் செல்பவருக்குச் சம்பள உயர்வு. ஆகவே கட்டடம் பாதி எழும்பும்போதே அதை வரைந்தவர் வேறிடம் போய்விடுகிறார். இதனால் இழப்பு யாருக்கு? வீடு கட்டுபவருக்கும்தான்.

ஏன் இப்படி? முதலாளிகள் எல்லாரும் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட்டுக் கைதட்டல் பெறலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கட்டடக் கலைஞரின் கட்டணம் பெரும்பாலும் கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு என்று பேசப்படுகிறது. அது ஒரே தவணையில் வருவதில்லை. முதல் வரைபடத்துக்குக் கொஞ்சம், அனுமதி கிடைத்ததும் கொஞ்சம், வேலை நடக்க நடக்கக் கொஞ்சம். அனுமதி தாமதித்தால் பணமும் தாமதிக்கும். சிறிய அலுவலகத்தில் உரிமையாளரே இரண்டு மாதம் சம்பளம் எடுக்காமல் இருப்பதுண்டு. அந்த விழுக்காட்டையும் குறைத்துக் கேட்கப் போட்டி வேறு. 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பெயரைத்தான் காக்கிறது, தொழிலைக் காக்கவில்லை. பதிவு பெறாதவர் அப்பெயரைச் சூடிக்கொள்ளக் கூடாது, ஆனால் கட்டடம் வடிவமைப்பதை இச்சட்டம் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவாகவே தீர்ப்பளித்தது. நம் ஊர்ப் பக்கம் இதற்குத் தீர்ப்பே வேண்டியதில்லை. "கட்டுமான வேலையை எங்களிடமே கொடுங்கள், பிளான் இலவசம்" என்று ஒப்பந்தக்காரர் சொல்லி எத்தனை ஆண்டாயிற்று! சிமெண்டுக்குப் பணம் கொடுக்க அஞ்சாத மக்கள் காகிதத்துக்குக் கொடுக்க அஞ்சுகிறார்கள். கரூரின் 12,000-க்கும் ஒயிட்ஃபீல்டின் 38,000-க்கும் இடையே இருப்பது வாழ்க்கைச் செலவின் வேறுபாடு மட்டுமன்று. வரைபடத்துக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதன் வேறுபாடும் ஆகும்.

"அப்படியானால் கட்டணத்தைச் சட்டத்தால் உயர்த்திவிடலாமே" என்பர் சிலர். நம் கட்டடக் கலைக் கழகம் குறைந்தபட்சக் கட்டண விகிதத்தை ஏட்டில் வகுத்துத்தான் வைத்திருக்கிறது. ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கிய அலுவலகத்தை எவரேனும் கண்டதுண்டா? அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிற்று. அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் சங்கம், உறுப்பினர்கள் கட்டணத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடக் கூடாது என்று விதித்திருந்தது. அது வாணிபப் போட்டிக்குத் தடை என்று அரசு வழக்காடியது. 1972-இல் சங்கம் அவ்விதியைக் கைவிட ஒப்புக்கொண்டது. 1990-இல் மீண்டும் அதுபோன்றதோர் உடன்பாடு. கட்டணத்தைக் கட்டிப்போடுவது கடினம் என்பதற்கு அது போதும்.

ஆனால் கட்டணம் வேறு, ஊதியத்தை அறிவிப்பது வேறு. அதே அமெரிக்காவில் கட்டடக் கலைஞரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023 மே மாதத்தில் 93,310 டாலர் என்று அரசின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் வெளியிட்டது. அங்கே கொலராடோ மாநிலத்தில் 2021 முதலும், நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதலும், கலிபோர்னியாவில் 2023 சனவரி முதலும், வேலை விளம்பரத்தில் ஊதிய வரம்பைப் போட வேண்டும் என்பது சட்டம். இதன் விளைவை நம் ஒயிட்ஃபீல்டு நண்பரின் மேசையில் காணலாம். கலிபோர்னியாவில் எழும்பப்போகும் ஒரே கட்டடம். அதன் வரைபடத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. அங்குள்ள நாற்காலிக்கு ஆள் தேடும்போது ஊதியத்தை அச்சிட வேண்டும். இங்குள்ள நாற்காலிக்கு ஆள் தேடும்போது 'தகுதிக்கேற்ப'!

இங்கே ஒரு மறுப்பு வரும். "நாங்கள் வெறும் சம்பளம் கொடுப்பவர்கள் அல்லர், தொழில் கற்றுக் கொடுக்கிறோம்." இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. ஜெயநகர் நண்பர் ஓராண்டில் அடித்தளம் தோண்டுவது முதல் கதவுக் கைப்பிடி வரை ஒரு வீட்டை முழுதாகப் பார்த்துவிட்டார். ஒயிட்ஃபீல்டு நண்பரோ பதினான்கு மாதமாக விமான நிலையக் கழிவறைகளையே வரைந்துகொண்டிருக்கிறார். கற்பதற்காகக் குறைந்த சம்பளத்தை ஒருவர் விரும்பி ஏற்கலாம். தெரிந்து ஏற்பது வேறு, தெரியாமல் ஏமாறுவது வேறு அல்லவா? கற்பித்தலின் பெயரால் எங்குவரை போகலாம் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019-இல் இலண்டன் செர்பென்டைன் காட்சிக்கூடத்தின் கோடைக்கால மண்டபத்தை வடிவமைக்க யப்பானியக் கட்டடக் கலைஞர் யூன்யா இசிகாமி தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரது அலுவலகம் ஊதியமின்றிப் பயிற்சியாளர்களை அழைத்த செய்தி வெளியானதும் கூக்குரல் எழுந்தது. அந்த மண்டபத்துக்கு உழைக்கும் ஒவ்வொருவருக்கும் ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும் என்று காட்சிக்கூடம் கட்டளையிட்டது. செய்தி வெளியே வந்ததால் அல்லவா நீதியும் வந்தது?

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிகளில், பணியாளருக்கு நியாயமான ஊதியம் கொடுப்பது கட்டடக் கலைஞரின் கடமை என்று இருக்கிறது. நல்ல சொல், நியாயம்! தொகை இல்லாத நியாயம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, அதை வரவேற்கிறேன். ஆயினும் கடிதம் கைக்கு வருவது வேலையில் சேரும்போதுதான். ஊரை விட்டு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது அதற்கு முன்பன்றோ?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்து காட்டிய மண் நம் மண். தஞ்சைப் பெரிய கோயிலைப் பாடாத மேடை நம் மன்றத்தில் இல்லை. கோயிலை ஆக்கிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் கல்வெட்டில் இருப்பதையும் பெருமையோடு சொல்வோம். அதே கோயிலின் சுவரில் 1014-ஆம் ஆண்டு அளவில் பொறித்த நீண்ட ஊதியப் பட்டியலைப் பற்றி மட்டும் மேடையில் எவரும் பேசுவதில்லை. சோழ நாட்டின் பல ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள். ஒவ்வொருவருக்கும் பெயர், வந்த ஊர், இன்ன சிறகில் இத்தனையாவது வீடு, ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்வோருக்குப் பங்கு இரண்டு. இசைப்போர், கணக்கர், தையல் வேலை செய்வோர், தச்சர் என்று பட்டியல் நீள்கிறது. நாரை பறந்து போகும் தூரத்து ஊரிலிருந்து தஞ்சைக்குக் குடிபெயர்ந்த ஒருத்தி, தனக்கு என்ன உண்டு, பக்கத்து வீட்டாருக்கு என்ன உண்டு என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. மன்னராட்சியில், கருங்கல்லில், உளி கொண்டு! இன்று ஒரு விளம்பரத்தில் இரண்டு எண்களைச் சேர்க்க இடமில்லை என்கிறார்கள்.

அரசு சட்டம் இயற்றும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கையில் ஒரு பலகை இருக்கிறது. சிறியதுதான், ஒரு மூலை கறையான் அரித்தது. என்றாலும் இந்நகரில் தமிழ் பேசும் பட்டதாரிகளைத் தேடும் அலுவலகங்கள் அதைத் தேடி வருகின்றன. அதில் ஊதிய வரம்பு குறிக்காத வேலை அறிவிப்பு எதையும் ஒட்டுவதில்லை என்று மன்றம் முடிவு செய்தால் என்ன? "விளம்பரமே வராமற்போகும்" என்று செயலாளர் நண்பர் அஞ்சுகிறார். முதல் மாதம் வராது, ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில், நம் பழைய மாணவர்களிடம் பெயர் கேட்காமல் வேலையின் வகை, அனுபவம், பகுதி, சம்பளம் ஆகிய நான்கை மட்டும் கேட்டு எழுதி ஒட்டுவோம். கட்டடக் கலைஞர்களிடம் தொடங்குவோம்; பிறகு ஆய்வுக்கூடங்களுக்கும் வருவோம். எங்கள் துறையில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 சனவரி முதல் 37,000 என்பது ஊரறிந்த செய்தி. அதே மேசையில் அதே கருவியைக் கையாளும் தற்காலிக உதவியாளருக்கு என்ன என்பது ஊரறியாத மறைபொருள்.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிய எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அவர் கட்டடக் கலை பயின்றவராக இருப்பின் மிக நன்று.