பாரக்ஸ் சுவர் யார் கதையைச் சொல்ல வேண்டும்?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், இஞ்சிகோர் என்ற தொழிலாளர் பகுதியில், ரிச்மண்ட் பாரக்ஸ் என்ற பழைய பட்டாளக் குடியிருப்பு உண்டு. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் 1814-ல் கட்டி முடித்தது. அந்தப் பெரிய பாரக்ஸில் இன்று மிஞ்சி நிற்பவை மூன்றே கட்டடங்கள்.

எங்கோ கிடக்கும் பட்டாளக் கட்டடம் நமக்கு எதற்கு என்று ஆலைத் தோழர் கேட்கலாம். ஒரு நெசவாளியின் கதையைக் கேட்டால் விளங்கும்.

மைக்கேல் மாலின் டப்ளின் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 1889-ல் சிறுவனாகவே பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்தார். ஏகாதிபத்தியம் அவரை நம் நாட்டுக்கு அனுப்பியது. வடமேற்கு எல்லையில் மலைவாழ் மக்களை ஒடுக்கும் போரில் நிறுத்தியது. ஓர் அடிமை நாட்டான் கையில் துப்பாக்கி கொடுத்து, இன்னோர் அடிமை நாட்டைச் சுடச் சொன்னார்கள்!

ஊர் திரும்பிய மாலின் பட்டு நெசவு கற்றார். பட்டுத் தொழிலாளர் சங்கச் செயலாளரானார். 1913-ல் நெசவாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அதே ஆண்டில் டப்ளின் முதலாளிகள் சுமார் 20,000 தொழிலாளரை ஆலைக்கு வெளியே நிறுத்திக் கதவடைத்தார்கள். போலீஸ் தடியடியிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளத் தொழிலாளர்கள் பிரஜைகள் சேனை அமைத்தார்கள். ஜேம்ஸ் கானலிக்கு அடுத்த தளபதியாக அதில் நின்றவர் மாலின்.

1916 ஏப்ரலில் டப்ளினில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. ஒரே வாரத்தில் பீரங்கியால் நசுக்கப்பட்டது. கைதானவர்களை ரிச்மண்ட் பாரக்ஸுக்கு ஓட்டி வந்தார்கள். தேகப்பயிற்சிக் கூடத்தின் தரையில் உட்காரவைத்து, ரகசியப் போலீசார் தலைவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அதே பாரக்ஸில், கதவைச் சாத்திக்கொண்டு, வக்கீலும் இல்லாமல் பட்டாள விசாரணை நடந்தது. மே 8-ம் தேதி கில்மெய்ன்ஹாம் சிறையில் மாலினைச் சுட்டுக் கொன்றார்கள். நாலு குழந்தைகளையும் கர்ப்பிணி மனைவியையும் விட்டுச் சென்றார் அந்த நெசவாளி.

1922-ல் வெள்ளைப் பட்டாளம் வெளியேறியது. பிறகு அங்கே குடியேறியவர்கள் யார்? வீடற்ற ஏழைகள்! நகரசபை சிப்பாய்களின் அறைகளையே அவர்களுக்கு வாடகை வீடாக்கியது. 1929-ல் ஒரு பகுதி பள்ளிக்கூடமாயிற்று. கொடி மாறியது; குடியிருப்போர் வறுமை மாறவில்லை. 1970 வாக்கில் குடியிருப்புகளை இடித்துத் தள்ளினார்கள். பள்ளியாக இருந்ததால்தான் தேகப்பயிற்சிக் கூடம் பிழைத்தது.

கிளர்ச்சியின் நூற்றாண்டான 2016-ல் எஞ்சிய கட்டடங்களைச் செப்பனிட்டு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே சிறைவைக்கப்பட்ட 77 பெண்களுக்காக, ஆளுக்கொரு துண்டாக 77 துண்டுகளை இணைத்துத் தைத்த நினைவுத் துணி உருவாயிற்று. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

பழைய கட்டடத்துக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, இடித்து மனையாக்கி விற்பது. மற்றொன்று, சுண்ணாம்பு அடித்து, ராணுவ அதிகாரிகளின் வாளையும் படத்தையும் மட்டும் மாட்டுவது. முன்னது கல்லை அழிக்கிறது. பின்னது கதையை அழிக்கிறது.

பட்டினி விரட்டியதால் பட்டாளத்தில் சேர்ந்த சிப்பாய், விலங்கோடு உட்கார்ந்த கைதி, ஒற்றை அறையில் பிள்ளை வளர்த்த தாய், பலகை பிடித்துப் படித்த சிறுவன்: இத்தனை பேருக்கும் அந்தச் சுவரில் இடம் வேண்டும். ஏகாதிபத்தியம் கட்டிய சுவர்தான். ஆனால் அதற்குள் வாழ்ந்தவர்கள், வதைபட்டவர்கள் உழைக்கும் மக்கள். ஆகவே அது அவர்கள் சொத்து. அப்படியே அதைக் காக்க வேண்டும் என்கிறோம்.