சம்ப் மோட்டாருக்கு ஜெனரேட்டரா, இன்வெர்ட்டரா? முதல்ல மோட்டாரைப் பாருங்க

ஐப்பசி பொறந்தாலே எங்க ஊர் டீக்கடையில இந்தப் பேச்சு கிளம்பிடும். "இந்த வருஷமாவது ஜெனரேட்டர் வாங்கிடணும்யா"ம்பார் ஒருத்தர். "இன்வெர்ட்டர் போதும்"பார் இன்னொருத்தர். கஜா அடிச்ச ஊரு, பயம் லேசுல போகாது.

2018 நவம்பர் 16 விடியக்காலையில வேதாரண்யம் பக்கம் கரையேறின புயல், பேராவூரணி பக்கத்துல எங்க தென்னந்தோப்பையும் படுக்க வச்சுட்டுப் போச்சு. தெருவுல நின்ன கரண்டு போஸ்ட்டு பூராவும் சாஞ்சு கிடந்துச்சு. மறுபடி கரண்டு வர இருபது நாளுக்கு மேல ஆச்சு. வாசல்ல சம்ப் நிறைய தண்ணி, மாடித் தொட்டி காலி. எழுபது வயசு அம்மா சம்ப் மூடியைத் தொறந்து, வாளியில கயித்தைக் கட்டி சேந்திக்கிட்டு இருந்தாங்க. அதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

தெரிஞ்சவர்கிட்ட ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கிட்டு வந்தேன். எங்க வீட்டு மோட்டார் 1 ஹெச்பி. ஜெனரேட்டர் உறுமிச்சு, மோட்டார் 'ம்ம்ம்'னு முனகிச்சு, அவ்வளவுதான். அப்புறம் வாடகைக்குப் பெரிய ஜெனரேட்டர் எடுத்துத்தான் தண்ணி ஏத்தினோம்.

அப்ப எனக்குப் புரியாதது இப்ப புரியுது. நாம மோட்டாரை வாங்கிட்டு அதுக்கேத்த ஜெனரேட்டரைத் தேடுறோம். என்னைக் கேட்டா, அது தலைகீழ். முதல்ல மோட்டாரைச் சின்னதாக்கணும்.

கணக்கு சொல்றேன். சம்ப்ல இருந்து மாடித் தொட்டி இருபது இருபத்தஞ்சு அடி உசரம். ஆயிரம் லிட்டர் ஏத்த அரை ஹெச்பி மோட்டார் தாராளம். முக்கால் மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்குள்ளதான் ஆகும். வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்குற 150 ஏஹெச் பேட்டரியில கிட்டத்தட்ட 1.8 யூனிட் இருக்கு. அப்ப கரண்டு பத்தாததால இல்ல. மோட்டார் கிளம்புற நேரத்துல ஓடுறப்ப இழுக்குறதைப் போல மூணு மடங்கு, அஞ்சு மடங்கு இழுக்கும். பாரம் ஏத்தின வண்டியில ஓடுறப்ப மாட்டுக்குச் சிரமம் இல்ல, முதல் அடி எடுத்து வைக்கத்தான் சிரமம். அது மாதிரிதான் இது.

அதனாலதான் ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கின 900 விஏ இன்வெர்ட்டர் மோட்டாரைப் போட்டதும் கத்திட்டு நின்னுடுது. அரை ஹெச்பிக்கே ரெண்டு பேட்டரி போடுற 2 கேவிஏ இன்வெர்ட்டர் இருந்தாத்தான் நம்பலாம். அதுவும் சைன் வேவ்னு கேட்டு வாங்கணும், இல்லாட்டி மோட்டார் சூடாகும். பேட்டரிக்குச் சில வருஷத்துக்கு ஒருதரம் செலவு வேற. வாரக்கணக்குல கரண்டு போனா அதைச் சார்ஜ் பண்ணவும் வழியில்ல.

"நான் மாடியில சோலார் போட்டிருக்கேன், எனக்கென்ன"ங்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். மானியத்துல போடுற சோலார்ல பேட்டரி இல்லாத ஆன்கிரிட் வகைதான் அதிகம். ஊர்ல கரண்டு போனா அதுவும் நின்னுடும், வெயில் கொளுத்தினாலும் சரி. கோளாறு இல்ல அது. கம்பத்துல வேலை பாக்குறவங்க உசுருக்காக அப்படி வச்சிருக்காங்க.

அந்த உசுரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதவே உக்காந்தேன்.

வாடகை ஜெனரேட்டர் வந்த அன்னைக்கு நான் ஒரு காரியம் பண்ணினேன். ரெண்டு முனையிலயும் பிளக் வச்ச ஒயரை வீட்டு பிளக் பாயிண்ட்ல சொருகி, வீடு பூராவும் கரண்டு விட்டேன். எங்க ஊர்ல நிறைய பேர் அப்படித்தான் பண்ணினாங்க. மெயினை அணைக்கணும்னு எனக்குத் தோணல. தெருமுனைக் கம்பத்துல வெளிமாவட்டத்துல இருந்து வந்த பையன் ஒருத்தன் ஏறிக்கிட்டிருந்தான். ஜெனரேட்டர் சத்தம் கேட்டு அவன் கூட்டாளி ஓடி வந்து, "அண்ணே, மெயினை ஆஃப் பண்ணீங்களா?"ன்னு கேட்டான். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.

வீட்டு ஜெனரேட்டர் கரண்டு அப்படியே லைனுக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் வழியா திரும்பினா ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறிடும். அந்தப் பையன் இன்னும் கம்பியில கை வைக்கல, தப்பிச்சான். இறங்கி வந்து எங்க வீட்லதான் தண்ணி குடிச்சான். ஒரு வார்த்தை திட்டல. என் மூத்த மகன் வயசு. அவன் திட்டியிருந்தா இந்நேரம் மறந்திருப்பேன்.

இப்ப எங்க ஏற்பாடு இதுதான். மோட்டாரை அரை ஹெச்பிக்கு மாத்திட்டேன். நாலு வீடு சேந்து 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கியிருக்கோம். தொட்டி நிறைஞ்சதும் அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிடுவோம். மோட்டாருக்கு வர்ற ஒயரைச் சுவத்துல நேரா முறுக்காம, 16 ஆம்ப் பிளக் வச்சிருக்கோம். கரண்டு இல்லேன்னா பிளக்கைப் புடுங்கி ஜெனரேட்டர்லயே சொருகிடலாம். வீட்டு லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வீடு பூராவும் ஓட்டணும்னா ஒயர்மேனை வச்சு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க. ரெண்டு பக்க பிளக் ஒயர் வீட்ல கிடந்தா இன்னைக்கே வெட்டிப் போடுங்க.

ஜெனரேட்டரைத் திண்ணையிலயோ வீட்டுக்குள்ளயோ ஓட்டாதீங்க. அந்தப் புகையில இருக்குற விஷத்துக்கு வாசனை கிடையாது, தூங்குறவங்களை எழுப்பாது. பெட்ரோலை மாசக்கணக்கா உள்ளயே விட்டா கார்புரேட்டர் அடைச்சுக்கும். மாசம் ஒருதரம் ஓட்டணும்.

போன மாசம் நாங்க ஓட்டல. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வாசல்ல ஓட்டிப் பாக்கப் போறோம். உங்க வீட்ல இருக்கறதையும் மழைக்கு முன்னால ஒருதரம் ஓட்டிப் பாத்துடுங்க.