ஐஸ் மெஷினும் பென்ஷன்காரர் வீட்டுச் சமையல் மேடையும்

சமையல் மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன ஐஸ் மெஷின் வந்திருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து மூன்று பேர் என்னிடம் அதைப் பற்றி யோசனை கேட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு அம்மா. பெங்களூரிலிருந்து என் இளைய மகன். மகன் யோசனை கேட்டான் என்று சொல்வதுகூடத் தப்பு. "ஆர்டர் போட்டுடட்டுமாப்பா?" என்றான். மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

காரணம் எழுதாமல் "நிராகரிக்கப்பட்டது" என்று மட்டும் போட்டால் எனக்குத் தூக்கம் வராது. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பில் குறிப்பு எழுதிய கை. ஆகவே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். உள்ளே ஃபிரிஜ்ஜில் இருப்பது போலவே ஒரு சின்ன கம்ப்ரஸர். ஒரு தட்டில் தண்ணீர் வந்து நிற்கும். மேலிருந்து எட்டொன்பது உலோக விரல்கள் அந்தத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். விரல்கள் உறைகுளிராகும்போது அவற்றைச் சுற்றி ஐஸ் படியும். அப்புறம் ஒரு நிமிஷம் சூடான வாயுவை அதே விரல்களுக்குள் திருப்பிவிடுவார்கள். ஐஸ் வழுக்கி விழும். ஒரு துடுப்பு அதைக் கூடைக்குள் தள்ளும். அதனால்தான் அந்தக் கட்டிகள் நடுவில் ஓட்டையோடு, தையற்காரர் விரலில் மாட்டுகிற தொப்பி மாதிரி இருக்கின்றன. யோசித்துச் செய்த வேலைதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

விளம்பரத்தில் "ஒரு நாளைக்கு 12 கிலோ" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 24 மணி நேரம் விடாமல் ஓடினால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் 12 கிலோ. தொட்டி பிடிப்பது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். அதுவும் சுற்றுப்புறம் குளுமையாக இருக்கும்போது எடுத்த கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் சமையலறை இருக்கிற இருப்பில் அது மூச்சு வாங்கத்தான் செய்யும். சரி, 12 கிலோவே வரட்டும். இரண்டு கிழடுகள் இருக்கிற வீட்டில் 12 கிலோ ஐஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நானும் என் மனைவியும் ஒரு நாளைக்கு மோருக்கும் எலுமிச்சம்பழச் சாற்றுக்குமாகச் சேர்த்து எட்டுப் பத்துக் கட்டி போட்டால் அதிகம். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்குகிற பிளாஸ்டிக் ட்ரே ஒன்றில் அதற்கு மேலேயே கிடைக்கும்.

விளம்பரம் வாய் திறக்காத விஷயம் இன்னொன்று உண்டு. ஐஸ் விழுகிற அந்தக் கூடையில் குளிர் கிடையாது. நம் வீட்டில் புழங்குகிற விலையில் வரும் மெஷின்களில் அது வெறும் கூடை. செய்த ஐஸை உடனே எடுக்காவிட்டால் அது உருகும். உருகிய நீர் மறுபடி தொட்டிக்குப் போகும், அதே நீர் மறுபடி ஐஸாகும். ஐஸ் தங்க வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பீர்கள்? ஃபிரிஜ்ஜின் ஃப்ரீஸரில். ஃப்ரீஸர் இருக்கிறவனுக்கு இந்த மெஷின் எதற்கு? ஃப்ரீஸர் இல்லாதவனுக்கு இது ஐஸைக் காப்பாற்றித் தராது. கோப்பை இங்கேயே மூடிவிடலாம். ஆனால் என் மகன் விடுகிறவனா?

அவன் எடுத்த முதல் வாதம்: "விருந்தாளி வந்தா பத்து நிமிஷத்துல ஐஸ் வந்துடும்பா." உண்மைதான். ஆறிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் முதல் ஒன்பது கட்டி விழும். ஒரு கட்டி ஏழெட்டு கிராம் இருக்கும். அந்த அறுபது எழுபது கிராமுக்காகப் பத்தாயிரத்துக்கு மேல், சிலது இருபதாயிரம் வரை. 15,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்தில் கோடை தொண்ணூறு நாள். ஐந்து வருஷம் பழுதில்லாமல் உழைத்தால் 450 நாள். ஒரு நாளைக்கு 33 ரூபாய் சொச்சம், மீதி 275 நாள் மெஷின் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதற்கு வாடகை இல்லாமல்! இந்த அவசரம் யாருடையது என்பதுதான் என் கேள்வி. நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, ஊர்க்கதை ஆரம்பிக்கவே பத்து நிமிஷம் ஆகிறது.

மின்கட்டணத்தைக் காட்டி நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். நூறு, நூற்றிருபது வாட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட்டுக்குள் அடங்கிவிடும். நூறு யூனிட் நமக்கு இலவசமாகவே வருகிறது. ஆனால் வெப்பத்தை யோசித்துப் பாருங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூடும், மின்சாரத்தின் சூடும் சேர்ந்து அந்த மெஷின் முதுகு வழியாக உங்கள் சமையலறைக்குள்தான் வருகிறது. மே மாதம், அடுப்பு எரிகிறது, பக்கத்தில் இது வேறு ஊதிக்கொண்டு இருக்கும். அங்கே நிற்கப் போவது விளம்பரக்காரன் இல்லை, நம் வீட்டுப் பெண்கள்.

மகனின் இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது, அதை மதிக்கிறேன். கடை ஐஸ் சுத்தமில்லை என்றான். சரியான பேச்சு. புதுச்சேரியில் சிறுவயதில் உமியிலும் மரத்தூளிலும் புதைத்துச் சாக்கு போர்த்திய ஐஸ் பாளங்களைக் கைவண்டியில் இழுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். மீனுக்குப் போவதும் சர்பத்துக்குப் போவதும் ஒரே பாளம்தான். 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே, மீன் போன்றவற்றைப் பதப்படுத்துவதற்கான ஐஸை நீலச் சாயம் கலந்து தனியாக அடையாளம் தெரியும்படி செய்யச் சொன்னது என்றால் நிலைமை எப்படி இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். வெளியில் ஐஸ் போட்ட ஜூஸ் குடிக்காதீர்கள் என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் அதற்கு மருந்து இந்த மெஷினா? காய்ச்சி ஆறிய நீரை ட்ரேயில் ஊற்றி வைத்தால் அதைவிடச் சுத்தமான ஐஸ் எது?

சொல்லப்போனால் மெஷினில்தான் ஆபத்து அதிகம். மூடிய தொட்டி, உருகித் திரும்பி வருகிற தண்ணீர், வாரக்கணக்கில் ஈரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நீரை முழுக்க வடித்துக் கழுவாவிட்டால் வழவழவென்று பாசி பிடிக்கும். வடிக்கும் துளை அடியில் இருக்கிறது. எட்டுப் பத்துக் கிலோ மெஷினைத் தூக்கித் தொட்டியோரம் கொண்டுபோக வேண்டும். எழுபது வயதுக்கு மேல் யாருடைய இடுப்பை நம்பி? எங்கள் பக்கத்து போர் தண்ணீர் வேறு உப்புக் கரை படிகிற தண்ணீர். ஹீட்டர் சுருளை வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி ஆக்கிவிடும் நீர் அந்த உலோக விரல்களை விட்டுவைக்குமா? ஆர்.ஓ. நீர்தான் ஊற்ற வேண்டும். நான் மேலே சொன்ன ஆசிரியர் யோசனை கேட்டது, மருமகள் இரண்டாவது மெஷின் வாங்கலாம் என்று சொன்னதால்தான். முதல் மெஷின் மாடிப்படிக்குக் கீழே உறை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்த மொழியில் ஐஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் ஒரே சொல்: 'கிளாஸ்'. ஒரு சொல்லுக்கு மூன்று அர்த்தமா என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். நம் தமிழிலோ 'ஐஸ் வைப்பது' என்றால் வேறு வேலை. இந்த விளம்பரக்காரர்கள் செய்வது அதைத்தான்.

புது வித்தையும் இல்லை. அமெரிக்காவில் பிரெடரிக் டூடர் என்ற வியாபாரி, ஏரியில் உறைந்த ஐஸை அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றினார். 1833-ல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 180 டன் புறப்பட்டு, நாலு மாதம் கழித்து நூறு டன் போலச் சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அந்த வியாபாரத்துக்காகத்தான். இன்று அதுவே விவேகானந்தர் இல்லம். டூடரின் சாமர்த்தியம் கப்பலில் இல்லை. தம் நாட்டு மதுக்கடைக்காரர்களுக்கு முதலில் ஐஸை இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டார். ஒரு தடவை குளிர்ச்சியாகக் குடித்த நாக்கு சும்மா இருக்காது என்று தெரிந்தவர். 1859-ல் பெர்டினான் கரே என்ற பிரெஞ்சுக்காரர் அம்மோனியாவைக் கொண்டு ஐஸ் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இதை எங்கள் பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு இயந்திர ஐஸ் நம் ஊருக்கும் வந்தது, டூடர் கம்பெனியின் ஏரி ஐஸ் எடுபடாமல் போயிற்று. இல்லாத தாகத்தை முதலில் விற்கிற வித்தை மட்டும் போகவில்லை.

இருக்கிற தாகத்துக்கு மண்பானை போதும். "எல்லாக் கிழவர்களும் இதைத்தான் சொல்வார்கள்" என்று சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. பானையின் நுண்துளை வழியே கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. புதுச்சேரியில் கடற்காற்றில் ஈரம் அதிகம், அங்கே பானைத் தண்ணீர் சுமாராகத்தான் இருக்கும். இங்கே மலையடிவாரத்தில் சித்திரை மாதக் காற்று மொறமொறவென்று காய்ந்திருக்கிறது. அதனால்தான் இந்த ஊருக்கு வந்த முதல் கோடையிலேயே பானைத் தண்ணீர் வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. ஈர மணல் மேல் வைத்து, காற்று வருகிற ஜன்னலோரம் வையுங்கள். வருஷம் ஒரு பானை மாற்றுங்கள், பழைய பானையின் துளைகள் அடைத்துக்கொள்ளும்.

வாடகைக்கு விடும் அம்மாவின் விஷயம் வேறு. அவர் கேட்டது வியாபாரத்துக்காக. "வெள்ளைக்காரங்க ஐஸ் கேக்குறாங்க சார்" என்றார். அவரிடம் ஒன்று கேட்டேன்: அவர்கள் எப்போது வருகிறார்கள்? ஆசிரமப் பக்கம் கூட்டம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. வெயில் ஏறினதும் அறைகள் காலி. ஐஸ் தேவைப்படும் மாதத்தில் கேட்க ஆள் இல்லை, ஆள் இருக்கும் மாதத்தில் இஞ்சி டீதான் ஓடும். அவர் சிரித்துவிட்டு, அறைகளுக்குப் பானை வாங்கி வைக்கிறேன் என்றார்.

"எங்க ஃபிரிஜ்ஜில் ஐஸே சரியாக உறைய மாட்டேங்குதே" என்கிறவர்கள் மட்டும் இதைச் செய்து பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். தாள் இழுபடாமல் நின்றால் கதவு ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் கீழ்ப்பக்கம் வழுக்கியது. மெக்கானிக் வந்து புது ரப்பர் மாட்டிவிட்டுப் போனார், மறுநாள் காலை ட்ரே கல்லாக இருந்தது. மகனிடம் ஃபோனில் சொன்னேன். ஆர்டரை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னான். ரப்பர் மாட்டின கூலியை அனுப்பட்டுமா என்றும் கேட்டான். அனுப்பச் சொல்லிவிட்டேன்.